கோப்பு மூடிய பிறகு: கார்ன்வாலில் ஒரு கொலையும், சமூக நலத் துறைக்கும் போலீசுக்கும் நடுவே இருந்த இடைவெளியும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் மாவட்டத்தில், செயின்ட் ஆஸ்டல் என்ற சிறு நகரில், 2006 ஜூலை 6 அன்று ஒருவர் கொல்லப்பட்டார். நாற்பதை நெருங்கும் வயது. பிறவியிலேயே அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். பள்ளத்தாக்கின் மேல் செல்லும் ரயில் பாலத்திலிருந்து சுமார் 30 மீட்டர் கீழே விழுந்து இறந்தார். விழவைத்தவர்கள் அவருடைய வீட்டிலேயே தங்கியிருந்தவர்கள். அவரை யாரும் அறியாமல் இருக்கவில்லை. சமூக நலத் துறை, போலீஸ், ஆம்புலன்ஸ், மருத்துவமனை, வீட்டு வசதி நிறுவனம் என்று எல்லா இடத்திலும் அவரைப் பற்றிய பதிவு இருந்தது. அந்தப் பதிவுகள் அவர் உயிரோடு இருந்தவரை ஒரே மேசைக்கு வரவில்லை.

தற்காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களோடு வேலை செய்கிறவர்கள் இந்த வழக்கை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றத்தில் தொடர்புடைய யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை. நடந்தவை 2007-ல் முடிந்த குற்ற விசாரணையிலும், அதே ஆண்டு டிசம்பரில் வெளியான பல்துறை மீளாய்விலும் பதிவானவை.

அன்றைக்கு இருந்த ஏற்பாடு

பெரியவர்களைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றி இங்கிலாந்தில் அப்போது தனிச் சட்டம் கிடையாது. 2000 மார்ச்சில் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்றுதான் இருந்தது. இயலாமையாலோ முதுமையாலோ நோயாலோ சமூகப் பராமரிப்பு தேவைப்பட்டு, தீங்கிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத, பதினெட்டு வயது நிறைந்தவருக்கான ஏற்பாடு அது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு உள்ளாட்சியின் சமூக நலத் துறைக்கு. ஆனால் 1970-ம் ஆண்டின் உள்ளாட்சி சமூக சேவைகள் சட்டத்தின் கீழ் வந்ததால், அந்த வழிகாட்டுதல் சமூக நலத் துறையைத்தான் கட்டுப்படுத்தியது. போலீசையும் மருத்துவமனையையும் கூட்டத்துக்கு அழைக்கலாம். வந்தே தீர வேண்டும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, தகுதி வரம்பு. 2003 முதல் பராமரிப்புத் தேவையை நான்கு படிகளாகப் பிரித்து, எந்தப் படி வரை உதவி தருவது என்பதை அந்தந்த உள்ளாட்சியே தீர்மானித்துக்கொண்டது. இவர் மேலிருந்து இரண்டாவது படியில் மதிப்பிடப்பட்டிருந்தார். கணிசமான தேவை உள்ளவர் என்று பொருள். அதற்குக் கிடைத்தது வாரத்துக்கு இரண்டு மணி நேர உதவி.

மனத்திறன் சட்டம் 2005-லேயே நிறைவேறியிருந்தாலும் 2007-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் ஒரு முடிவை எடுக்கும் திறனோடு இருக்கிறாரா என்று முறைப்படி பார்க்கும் சட்டக் கருவி இந்தச் சம்பவத்தின்போது ஊழியர்கள் கையில் இல்லை. இதைச் சொல்லாமல் அன்றைய ஊழியர்களை எடைபோடுவது நியாயமாகாது.

2005: நகரத்துக்கு வருதல், உதவி நிற்றல்

கிராமப்புறத்தில் வளர்ந்த அவர், ஒரு மதிப்பீட்டு மருத்துவப் பிரிவில் சில காலம் இருந்துவிட்டு, 2005 ஏப்ரலில் செயின்ட் ஆஸ்டலில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்தார். படுக்கை, அடுப்பு, உட்காரும் இடம் எல்லாம் ஒரே அறைக்குள். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். தனியாக வாழ வேண்டும், நண்பர்கள் வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அந்த ஆசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை நிறுவனச் சுவர்களுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்ததன் நோக்கமே அதுதான்.

அதே ஆண்டில் அவர் வாராந்தர உதவி வேண்டாம் என்றார். துறை அதை அவருடைய விருப்பமாக ஏற்றது. கோப்பு மூடப்பட்டது.

இந்த வழக்கில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகப் பெரியது இதுதான்; எடுத்தவர்களுக்கு அது முடிவாகவே தோன்றியிருக்காது. ஏன் வேண்டாம் என்கிறார், அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள், உதவி நின்றால் பணத்தையும் மருந்தையும் யார் பார்த்துக்கொள்வார்கள், அவருக்கு இதெல்லாம் புரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்த தடம் இல்லை. மீளாய்வு இந்த இடத்தில் கடுமையாகவே பேசியது. கணிசமான தேவை உள்ளவர் என்று தானே மதிப்பிட்ட ஒருவர் உதவியை மறுக்கும்போது, அந்த மறுப்பு என்ன ஆபத்தைக் கொண்டுவரும் என்று துறை பார்த்திருக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் வந்துபோன அந்த ஊழியர்தான் அவருடைய வீட்டுக்குள் வேலை நிமித்தமாகத் தவறாமல் நுழைந்த கண். அது நின்றபோது, இனி அந்தக் கதவைத் தட்டப்போவது யார் என்று ஒரு வரி எழுதி போலீசுக்கோ குடும்ப மருத்துவருக்கோ அனுப்பும் நடைமுறை இருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவர்கள்

இருபதுகளின் கடைசியில் இருந்த ஒருவன் அவரோடு பழகினான். அவனும் அவனுடைய காதலியான பதின்வயதுப் பெண்ணும் அந்த ஒற்றை அறைக்கே குடிவந்தார்கள். அறை போதைப் பொருள் கைமாறும் இடமானது. வேறு இளைஞர்களும் வந்துபோனார்கள். அவருக்கு வந்த அரசு உதவித்தொகை இவர்கள் கைக்குப் போனது. தன் வீட்டில் யார் தங்குவது, யார் வருவது என்று சொல்லும் உரிமை அவரிடம் இல்லாமல் போனது. அடித்தார்கள். கழுத்தில் நாய்ப் பட்டை கட்டி, வாரைப் பிடித்து அறைக்குள் இழுத்தார்கள். அவரோ இவர்களைத் தன் நண்பர்கள் என்றே நினைத்திருந்தார்.

பிறகு வந்த ஆண்டுகளில் இப்படி வீட்டைக் கைப்பற்றுவதைக் குயிலோடு ஒப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். இன்னொரு பறவையின் கூட்டில் முட்டையிட்டு, கூட்டுக்கு உரியதை வெளியே தள்ளும் பறவை. 2006-ல் கார்ன்வாலில் கதவைத் தட்டிய போலீஸ்காரருக்கு இப்படி ஒரு பெயர் தெரிந்திருக்க வழியில்லை. பெயர் இல்லாத ஒன்றைக் கண்ணால் பார்த்தாலும், ‘வீட்டில் நண்பர்கள் தங்கியிருக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள்’ என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும்.

யார் என்ன பார்த்தார்கள்

போலீசோடு அவருக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை தொடர்பு ஏற்பட்டது. கட்டுப்பாட்டு அறைக்கு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவு எண் உண்டு. ரோந்து போகும், பேசும், தணிந்ததும் அந்த எண் முடித்துவைக்கப்படும். அடுத்த முறை வேறு ஷிப்ட், வேறு ஆள், புது எண். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைத் தகராறு. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், மாதக்கணக்கில் ஒருவர் உதவி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது தெரியும். அப்படி எழுதிப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. இவருடைய குறைபாடு பற்றிச் சமூக நலத் துறையிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள் குடிவந்த அந்த ஆளை, பின்னால் முதன்மைக் குற்றவாளியானவனை, ஆம்புலன்ஸ் குழுக்களுக்கு நன்றாகத் தெரியும். அவன் அடிக்கடி அழைப்பவன். இவர் காயங்களுக்குச் சிகிச்சை கேட்டுச் சிறுகாய மருத்துவப் பிரிவுக்குப் போனார். அங்கே காயம் பார்க்கப்பட்டது. காயப்படுத்தியது யார் என்ற கேள்வி பாதுகாப்புத் தகவலாக மாறி வெளியே போகவில்லை. அந்தப் பதின்வயதுப் பெண்ணைக் குழந்தைகள் நலத் துறைக்குத் தெரியும். பதினாறு வயதுப் பெண், போதைப் பொருள் புழங்கும் வீட்டில், தன்னைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவனோடு வாழ்கிறாள் என்பதே ஒரு கவலைக்குரிய செய்தி. அவளுக்காக ஒருவர் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் மூலையில் இருந்த இவரையும் பார்த்திருப்பார். குழந்தைகளுக்கு ஒரு துறை, பெரியவர்களுக்கு ஒரு துறை என்று பிரிந்தபின், ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆபத்தில் இருக்கும்போது இரண்டு கோப்புகளும் சந்திப்பதே இல்லை. இன்றைக்கும் பல இடங்களில் நிலைமை இப்படித்தான்.

ஜூலை 5 இரவும் அதற்குப் பிறகும்

அன்றிரவு அறையில் பல மணி நேரம் சித்திரவதை நடந்தது. சிகரெட்டால் சுட்டார்கள். குழந்தைகளிடம் தவறாக நடந்தவர் என்று பொய்யாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். சுமார் 70 பாராசிட்டமால் மாத்திரைகளை விழுங்க வைத்தார்கள். பிறகு ரயில் பாலத்துக்கு நடத்திக் கூட்டிப்போய்த் தடுப்புக்கு வெளியே ஏற வைத்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது கைகளை மிதித்தார்கள். புறங்கைகளில் இருந்த அந்தக் காயங்கள் பிரேதப் பரிசோதனையில் பதிவாகின.

2007 ஆகஸ்டில் ட்ரூரோ நீதிமன்றத்தில் முதன்மைக் குற்றவாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் கொலைக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவனுக்குக் குறைந்தது 25 ஆண்டு, அவளுக்குக் குறைந்தது 10 ஆண்டு. அவர்களோடு சேர்ந்திருந்த மூன்றாவது ஆளுக்கு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக 8 ஆண்டு.

டிசம்பரில் வெளியான மீளாய்வை எழுதியவர் மார்கரெட் ஃபிளின். துறைகள் ஒவ்வொன்றும் தன் வேலையின் எல்லைக்குள் மட்டும் பார்த்தன, தொடர்புகளை இணைக்கவில்லை என்பது அதன் சாரம். 2011-ல் சமத்துவத்துக்கும் மனித உரிமைக்குமான ஆணையம் இயலாமை உள்ளவர்களுக்கு எதிரான வன்முறை பற்றி விரிவாக விசாரித்தபோது ஆழமாகப் பார்த்த பத்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

சட்டத்தில் என்ன மாறியது

2014-ம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 42-வது பிரிவில் மூன்று நிபந்தனைகள்: அவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்க வேண்டும், துன்புறுத்தலோ புறக்கணிப்போ நடக்கிறது அல்லது நடக்கும் ஆபத்து உள்ளது என்ற நியாயமான சந்தேகம் வேண்டும், அந்தத் தேவை காரணமாகவே அவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலை வேண்டும். மூன்றும் பொருந்தினால் உள்ளாட்சி விசாரித்தே ஆக வேண்டும். முதல் நிபந்தனையோடு ஒரு சிறு தொடர் ஒட்டியிருக்கிறது: அந்தத் தேவையை உள்ளாட்சி நிறைவேற்றிக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். ‘இவர் இப்போது எங்கள் சேவையில் இல்லை, கோப்பு மூடியாகிவிட்டது’ என்று சொல்லித் தகவலைத் திருப்பி அனுப்ப அந்தத் தொடர் இடம் தராது.

43-வது பிரிவு ஒவ்வொரு பகுதியிலும் பெரியவர் பாதுகாப்பு வாரியத்தைக் கட்டாயமாக்கியது. உள்ளாட்சி, தேசிய சுகாதார சேவையின் உள்ளூர் அமைப்பு, காவல் துறைத் தலைவர் ஆகிய மூவரும் சட்டப்படி அதன் உறுப்பினர்கள். 44-வது பிரிவின்படி, துன்புறுத்தலால் ஒருவர் இறந்து, துறைகள் இன்னும் நன்றாக இணைந்து வேலை செய்திருக்கலாம் என்ற கவலை இருந்தால் மீளாய்வு கட்டாயம். 45-வது பிரிவின்படி வாரியம் கேட்கும் தகவலைத் தர வேண்டும்.

போலீசும் சமூக நலமும் மருத்துவமும் ஒரே அறையில் உட்கார்ந்து வரும் தகவல்களைப் பிரித்துப் பார்க்கும் மையங்கள், பக்கத்து மாவட்டமான டெவனில் 2010 வாக்கில் தொடங்கி நாடெங்கும் பரவின. பெரும்பாலானவை குழந்தைகளுக்காகத் தொடங்கியவை. பெரியவர்களுக்கான மேசை பின்னால் சேர்ந்தது, சில இடங்களில் இன்னும் மெலிந்தே இருக்கிறது.

இதே வழக்கு இன்று வந்தால்

முதல் போலீஸ் வருகையிலிருந்து தொடங்க வேண்டும். சத்தம் என்று அழைப்பு வந்து கதவு திறந்ததும், வீட்டுக்காரரைத் தனியாக வெளியே கூட்டிவந்து பேச வேண்டும். கேட்க வேண்டியவை எளியவை: வீடு யார் பெயரில்? எங்கே தூங்குகிறீர்கள்? வங்கி அட்டை இப்போது எங்கே இருக்கிறது? இன்று என்ன சாப்பிட்டீர்கள்? இவர்கள் போய்விட வேண்டுமென்றால் உங்களால் சொல்ல முடியுமா? தன் வீட்டில் தானே தரையில் தூங்குகிறேன் என்றால், அட்டை ‘நண்பரிடம்’ இருக்கிறது என்றால், அந்த ஷிப்ட் முடிவதற்குள் சமூக நலத் துறைக்குப் பாதுகாப்பு அறிவிப்புப் படிவம் போக வேண்டும். குற்றம் எதுவும் பதிவாகாவிட்டாலும் படிவம் போகலாம். ‘குற்றம் இல்லை, ஆகவே அனுப்பவில்லை’ என்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

படிவத்தில் சம்மதம் பற்றி ஒரு கட்டம் இருக்கும். அவர் ‘வேண்டாம்’ என்றால் அதைக் குறித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத் தேவையில்லை. குற்றம் நடக்கிறது, வேறு ஆட்களுக்கும் ஆபத்து உண்டு, அல்லது அச்சுறுத்தலின் கீழ்தான் மறுக்கிறார் என்று கருத இடமிருந்தால், சம்மதம் இல்லாமலும் பகிரலாம். 2018-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆபத்தில் உள்ளவர்களைக் காப்பதற்கென்றே தனி நிபந்தனை இருக்கிறது. ஏன் சம்மதம் இல்லாமல் பகிர்கிறோம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அவரிடமும் அதைச் சொல்ல வேண்டும், சொல்வதே ஆபத்தாக முடியும் என்றால் தவிர.

சமூக நலத் துறை தகவலைப் பெற்றதும், போலீசின் பாதுகாப்புப் பிரிவு சார்ஜென்ட், சமூக நல மேலாளர், வீட்டு வசதி நிறுவனம், குடும்ப மருத்துவர், ஆம்புலன்ஸ் ஆகியோரைத் தொலைபேசியிலாவது ஒன்று சேர்க்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் அதே நாளில். இந்த வீட்டில் குழந்தைகள் நலத் துறையையும் சேர்த்தே ஆக வேண்டும். கூட்டத்துக்கு முன்பே ஒரு கூட்டுக் காலவரிசை தயாராக வேண்டும். தேதி, பார்த்தது யார், என்ன பார்த்தார், அறையில் வேறு யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகள், என்ன செய்யப்பட்டது என்று ஆறு பத்திகள். எல்லாத் துறைகளும் தங்கள் வரிகளை ஒரே தாளில் நிரப்ப வேண்டும். ‘வேறு யார் இருந்தார்கள்’ என்ற பத்தியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இந்த வழக்கில் ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கக்கூடிய பத்தி அதுதான்.

குற்ற விசாரணையில் போலீசுக்கு முதலிடம். அதனால் சமூகப் பணியாளர் முந்திக்கொண்டு விவரமாக விசாரித்துவிடக் கூடாது. வழிகாட்டும் கேள்வி ஒன்று போதும், சாட்சியம் கெட்டுவிடும். அவராகவே ஏதாவது சொன்னால், சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். முறையான வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்யலாம். 1999-ம் ஆண்டின் குற்றச் சாட்சியச் சட்டப்படி, கேள்வியை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் இடையாளரைக் கேட்டுப் பெறலாம். ஆனால் விசாரணை முடியட்டும் என்று பாதுகாப்பு காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டியவை. ‘போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்று சமூக நலமும், ‘சமூக நலத்துக்குச் சொல்லிவிட்டோம்’ என்று போலீசும் ஒதுங்கிக்கொள்ளும் அந்த இடைவெளியில்தான் ஆட்கள் காயப்படுகிறார்கள்.

வீட்டிலிருந்து யாரை வெளியேற்றுவது? பழைய பழக்கம், ஆபத்தில் இருப்பவரையே வேறிடம் மாற்றுவது. 2014-ம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டம் வேறு வழி தருகிறது. போலீசோ உள்ளாட்சியோ மூடல் அறிவிப்பு கொடுத்து 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றம் போனால், மூன்று மாதம் வரை மூடல் ஆணை பெறலாம். நீட்டித்து மொத்தம் ஆறு மாதம் வரை கொண்டுபோகலாம். ஆணையைப் பகுதியாகவும் வாங்கலாம். அப்போது வீட்டுக்காரரும் பெயர் குறிப்பிட்டவர்களும் மட்டும் உள்ளே இருக்கலாம், மற்ற யார் நுழைந்தாலும் குற்றம். ‘நீங்கள் வராதீர்கள்’ என்று தன் வாயால் சொல்ல முடியாத ஒருவருக்காக நீதிமன்றம் அதைச் சொல்கிறது. ஆணைக்கு முந்தைய இரவு அவர் எங்கே, யாரோடு இருப்பார் என்பதையும் முன்பே தீர்மானித்துவைக்க வேண்டும். செய்தி கசிந்தால் அடி வாங்குவது அவர்.

மனத்திறன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் முதல் பிரிவில் ஐந்து கொள்கைகள் உள்ளன. ஒருவர் எடுக்கும் முடிவு விவேகமற்றது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சரியான கொள்கை. ஆனால் ‘அவருடைய விருப்பம்’ என்று எழுதிவிட்டு நகர்வதற்கான அனுமதிச் சீட்டாக அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. விவேகமற்ற முடிவா, புரியாமல் எடுத்த முடிவா, பயந்து எடுத்த முடிவா என்று பிரித்துப் பார்க்க, மிரட்டக்கூடிய ஆள் இல்லாத அறையில் அவரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஒரு சந்திப்பில் அது முடியாது. திறன் இருந்தும் மிரட்டலின் கீழ் இருப்பவருக்காக உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை (தனிச் சட்டம் இல்லாத இடத்திலும் காக்க ஆணையிடும் அதிகாரத்தை) நாடலாம் என்பதை 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

கோப்பை மூடும் தாளில் சேர்க்க வேண்டியவை

கணிசமான தேவை உள்ளவர் உதவியை மறுத்தால், கோப்பை மூடும் முன் மேலாளர் கையெழுத்து வேண்டும். நேரில் இரண்டு சந்திப்பு, அவற்றில் ஒன்றாவது தனியாக. யாருடைய முன்னிலையில் மறுத்தார் என்ற குறிப்பு. வீட்டில் புதிதாக யாரேனும் தங்கியிருக்கிறார்களா என்று வீட்டு வசதி நிறுவனத்திடம் ஒரு கேள்வி. அந்த முகவரியிலிருந்து சமீபத்தில் எத்தனை அழைப்பு வந்தது என்று போலீசிடம் ஒரு கேள்வி. பதில் வரும் வரை கோப்பு திறந்தே இருக்க வேண்டும். மூடினாலும், அந்த முகவரியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒருவர் உதவியின்றித் தனியாக வாழ்கிறார் என்ற குறிப்பு போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஏற வேண்டும், அடுத்த அழைப்பை எடுப்பவரின் கண்ணில் படும்படி.

உதவி நின்றுவிட்டது, மறுபடி வேண்டுமென்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று கடிதம் அனுப்புவது வழக்கம். வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லப்போவது, அந்த நேரம் அவர் வீட்டில் இருப்பவர். ஆகவே கடிதம் போதாது. ஆறு வாரம் கழித்து, பழகிய ஊழியரே மறுபடி போய்க் கதவைத் தட்ட வேண்டும்.